இஸ்தோப்புக் கூரை

அந்தப் பெயரைச் சொன்னவள் நிஷாந்திதான். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கேட்டது ஹோட்டலுக்குக் கட்டிடப் படம் போடும் கொழும்பு மேடம். பால் விடாத பிளேன்டித் தட்டோடு பக்கத்தில் நின்றவள் அவள். கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய்.

அக்கரப்பத்தனைப் பக்கம் பழைய தொரை பங்களா ஒன்றைத் தோட்டக் கம்பனி ஹோட்டல்காரர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்து இரண்டு வருசமாகிறது. பங்களாவுக்குள் இருந்ததை எல்லாம் மினுக்கி முடித்துவிட்டார்கள். இப்போது வெளியே வந்திருந்தார்கள். முன்புறப் புல்தரையை ஒட்டி, சரிவுக்கு மேலே அந்தரத்தில் நீட்டி, பலகைத் தளம் போட்டு ஒரு திறந்த இடம். ஓரத்தில் மதில் கிடையாது. மதில் கண்ணை மறைக்கும் என்று கண்ணாடித் தடுப்பு. நடுவில் தரையைத் தாழ்த்தி, வட்டமாகக் கல் பாவி, அதற்குள் நெருப்புக் குழி. குழியைச் சுற்றி மெத்தை போட்ட இருக்கைகள். கயிற்றில் தொங்கும் கூடைக் கதிரைகள். பெரிய பெரிய மண்சட்டிகளில் தேயிலைச் செடி. இதை முதல் தடவை நிஷாந்தி வந்து சொன்னபோது அவள் அம்மா மீனம்மா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

"தேயிலைய சட்டியில வச்சிருக்காங்களா? அதையும் காலையில பெரட்டுல நிக்க வச்சுப் பேர் கூப்புட்டு எண்ணுவாங்களோ?"

கூரை மட்டும் இல்லை. மழை பெய்யும் ஊரில் கூரையில்லாமல் உட்கார ஓர் இடம் கட்டுவதுதான் மேடத்தின் யோசனையிலேயே பெரிய யோசனை. வானம்தான் கூரையாம். பலகைக்குப் பொலிஷ் அடித்துக் காயும் வரைக்கும் ஹட்டன் கொந்தராத்துக்காரர் ஃபாஸில் இரும்புக் குழாய் நட்டு, புதுத் தகரம் போட்டுத் தற்காலிகமாக ஒரு மறைப்புக் கட்டியிருந்தார்.

அந்த இடத்துக்கு மேடத்தின் படத்தில் இருந்த இங்கிலீஷ் பெயர் 'பெட்டியோ.' வேலையாட்களின் வாய்க்கு அது பெட்டியாகிவிட்டது. கல் பாவியவர் நிஷாந்தியின் அப்பா அழகன். கல் சுமந்தது அவருடைய மச்சான் சோலைமலை.

"பெட்டியோங்கிறாங்க. பெட்டியோ பாடையோ, நமக்குக் கல்லு தூக்குறதுதான்" என்றான் சோலைமலை. அதன்பிறகு அழகனும் அதைப் பெட்டி என்றே சொன்னார். "இன்னைக்குப் பெட்டியில வேல." "பெட்டியில இருந்து இப்பத்தான் வாறேன்."

மேடத்துக்கு அந்தப் பெயர் பிடிக்காமல் போனது ஒரு புதன்கிழமை. எல்லா ஹோட்டலிலும் அதே பெயர் இருக்கிறது என்றார். வீட்டுக்கு முன்னால், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் உட்காரும் இடத்துக்கு உங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று நிஷாந்தியைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்.

"இஸ்தோப்புன்னு சொல்லுவோம் மேடம்."

ஹோட்டல் மெனேஜர் சிரித்தார். சிங்களத்திலும் அதேதான், எங்கள் ஊர் வீட்டிலும் அது இருக்கிறது என்றார். மேடம் அந்தச் சொல்லை மூன்று நான்கு தரம் வாயில் போட்டுப் பார்த்தார். கருங்காலிப் பலகையில் பெயர் வெட்டுவதற்கு அன்றைக்கே ஃபாஸிலுக்குப் போன் போனது. பெயர் வைத்தவளுக்கு நல்ல பெயர். அவ்வளவுதான். அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்?

மேடத்தின் கண்ணாடித் தடுப்பில் கைவைத்துக் கீழே பார்த்தால் தேயிலை மலை, அதன் அடியில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் தெரியும். பத்துக் காம்பராவும் தீப்பெட்டி அடுக்கியது போல. அதில் கடைசி வீடு அழகனுடையது. உள்ளே ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. விறகும் கொழுந்துச் சாக்கும் சப்பாத்தும் கிடக்கிற இடம் அது. விருந்தாள் வந்தால் பாய் போடும் இடம், செத்தால் கிடத்தும் இடம், பிள்ளை பெற்றவள் முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை படுக்கும் இடம். உள்ளே சாமி படம் இருக்கிறது, அடுப்பும் இருக்கிறது. தீட்டோடும் பச்சைப் பிள்ளையோடும் உள்ளே படுக்க முடியாது. சாமி மன்னித்தாலும் புகை மன்னிக்காது.

அப்போது டிக்கோயா ஆஸ்பத்திரியில் நிஷாந்தியின் அண்ணி கௌசி ஒரு பெண் பிள்ளையைப் பெற்றுவிட்டுப் படுத்திருந்தாள். அண்ணன் கிஷாந்த் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். லீவு கேட்டால் ஒரேயடியாகப் போய்விடு என்பார்கள். கௌசியின் அம்மா குவைத்தில், யாரோ பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. தலைப்பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு இல்லாததால் கௌசி இங்கேதான் வர வேண்டும். சனிக்கிழமை துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அழகன் ஒரு வாரமாக வேலை விட்டு வந்து இஸ்தோப்பை அடைத்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் பலகை அடித்தார். இடுக்கில் பேப்பர் திணித்தார். துருப்பிடித்த கூரைத் தகரத்தின் ஓட்டைகளுக்குத் தார் வைத்து, மேலே நீலப் பிளாஸ்டிக் விரித்து, அது பறக்காமல் இருக்க இரண்டு பழைய டயரும் நாலைந்து கல்லும் ஏற்றினார்.

அந்த நீலம் மேலே பெட்டியிலிருந்து பார்க்கும்போது கண்ணைக் குத்தியது. மெனேஜர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். அழகன் வீட்டு முன்கூரை அசிங்கமாக இருக்கிறது, கெஸ்ட் வந்து உட்கார்ந்தால் நேராகத் தெரிவது அதுதான், ஏதாவது செய்யுங்கள் என்று. முன்னதாக அடுப்பு விசயத்திலும் இப்படித்தான். பின்னேரம் கெஸ்ட் தேத்தண்ணீர் குடிக்கிற நேரத்தில் லயத்தில் புகை போட வேண்டாம் என்று தோட்டத்து ஐயா மூலமாகச் சொன்னார்கள்.

"அவுங்க வெளிய அடுப்பு வச்சா பேஷனு, நாம வச்சா பொகையாக்கும்" என்றாள் மீனம்மா. ஆனாலும் அடுப்பைப் பிந்தித்தான் மூட்டினாள். வீடு தோட்டத்தது. பங்களாவும் தோட்டத்தது. லயத்தில் ஓர் ஆணி அடிக்க ஒப்பீஸில் கேட்க வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம். நிஷாந்தி கண்ணாடித் தடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கீழே அவர்கள் வீட்டுக் கூரைமேல் இரண்டு ஆட்கள். அப்பாவும் சோலை மாமாவும். அப்பாவுக்கு அன்று மேலே வேலை இல்லை. ஒழுக்குப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு துடைத்தாள். டயர் கீழே விழுந்தது. நீலப் பிளாஸ்டிக் சுருண்டது. அதன்பிறகு ஒரு தகரம் எழுந்து நின்றது, சாய்ந்தது. இன்னொன்று. இஸ்தோப்புக்குள் விரித்து வைத்திருந்த பாயின் நிறம் மேலேயிருந்தே தெரிந்தது.

அவள் பின்வாசலுக்குப் போனபோது இரண்டு பேரும் தகரங்களைக் கயிற்றில் கட்டி, தலையில் சும்மாடு வைத்து, குசினிப் பாதையால் ஏறி வந்துவிட்டார்கள். லயத்து ஆட்கள் பங்களாவின் முன்வாசலால் வருவதில்லை. இப்போது யாரும் தடுப்பதில்லை, ஆனாலும் வருவதில்லை.

"என்னாப்பா இது?"

"கூரை" என்றார் அழகன் மூச்சு வாங்கிக்கொண்டு. "எங்க அடுக்குறது? கேட்டுச் சொல்லு."

"ஏன் கழட்டுனீங்க?"

"கழட்டச் சொன்னாங்க, கழட்டிட்டேன். ஃபாஸில் மொதலாளி போன்ல பேசி அனுப்பியிருக்காரு. நீயே கேளு."

சேர்ட் பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார். ஃபாஸிலின் குரல் பஸ் இரைச்சலுக்கு நடுவே கேட்டது. "அழகண்ணன், அந்த இஸ்தோப்புக் கூரைய இன்டைக்கே கழட்டிப் போடுங்க. மேடம் சொல்லிட்டாங்க. சனிக்கிழம ஆக்கள் வாராங்க. தகரம் எல்லாத்தயும் பங்களாப் பின்னுக்குக் கொண்டுவந்து அடுக்கிருங்க, சரியா?"

நிஷாந்தி போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். 

"அப்பா. அது இந்த இஸ்தோப்பு."

"எந்த இஸ்தோப்பு?"

"இந்தா முன்னுக்கு. நீங்க கல்லு பாவுன எடம்."

"பெட்டியா?"

"பெட்டிக்கு நேத்துல இருந்து இஸ்தோப்புன்னு பேரு."

"பெட்டிக்கு எவன் இஸ்தோப்புன்னு பேரு வச்சது?"

"நாந்தான்."

சோலைமலை தலைச்சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். நிறுத்த முடியாமல் தகரத்தின் மேலேயே உட்கார்ந்து சிரித்தான். "மச்சான், ஒங்க மக பேரு வைக்க, நீங்க வீட்டப் பிரிக்க... நல்ல குடும்பம் மச்சான். நானும் மாடு மாதிரிக் கூடச் சேந்து பிரிச்சேன் பாருங்க."

"நீ சும்மா கெடடா." அழகன் மகளைப் பார்க்கவில்லை. தகரத்தைப் பார்த்தார். "எனக்கு என்னா தெரியும்? ரெண்டு வாட்டி சொல்லி அனுப்புனாங்க. மூணாவது வாட்டி கழட்டச் சொல்லிட்டாங்கன்னு நெனச்சேன்."

"சொந்த வீட்டுக் கூரைய. ஒரு வார்த்த கேக்கலையா நீங்க?"

"கேட்டா? ஏன் கேக்குறேன்னு கேப்பாங்க."

திரும்பத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். தூக்கத்தான் குனிந்தார்கள். அந்த நேரம் பார்த்து மேடம் குசினிப் பக்கமாக வந்தார். தகரங்களைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து, துருவிலும் தாரிலும் கரிப்புகையிலும் விரலை ஓட்டினார். முகத்தில் ஒரு வெளிச்சம். இப்படி ஒன்றைத்தான் கொழும்பு முழுக்கத் தேடினேன், எங்கேயும் கிடைக்கவில்லை என்றார். இஸ்தோப்பில் குடிவகை பரிமாறும் நீள மேசைக்கு முன்பக்கம் அடிக்க இதுதான் சரி. பழைய தகரம், உண்மையான தகரம். அவர் தச்சு மேஸ்திரி பாஸைக் கூப்பிட்டார். பாஸ் கையில் வெட்டுக் கத்தரியோடுதான் வந்தார்.

நிஷாந்தி வாயைத் திறந்தாள். அது எங்கள் வீட்டுக் கூரை என்று சிங்களத்தில் சொல்லவும் செய்தாள். மேடம் அவள் தோளைத் தொட்டு, அதனால்தான் இவ்வளவு அழகாக இருக்கிறது என்றார். உங்களுக்குப் புதுசு தரச் சொல்கிறேன், இந்த ஓட்டைத் தகரத்தை வைத்து என்ன செய்வீர்கள்? அவர் பொய் சொல்லவில்லை. மெனேஜரிடம் உடனே சொல்லவும் செய்தார். கெட்ட மனுசி என்று யாரும் சொல்ல முடியாது.

ஃபாஸில் மறுநாள் காலையில் வந்து விசயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"யா அல்லாஹ்! அழகண்ணன், நான் சொன்ன மேல ஈக்கிற இஸ்தோப்பு. ஒங்கட வீட்டுக் கூரைய யாரும் கழட்டச் சொல்லுவாங்களா? பச்சப் புள்ள வார வீடு!"

"சொல்லுவாங்க மொதலாளி" என்றார் அழகன்.

ஃபாஸில் புல்தரைப் பக்கம் இருந்த தகர மறைப்பை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "சரி உடுங்க. இந்தத் தற்காலிகத் தகரம் எல்லாம் புதுசு. ஒங்களுக்குத் தேவயான அளவு எடுத்துக்கொண்டு போங்க, இன்டைக்கே அடிங்க" என்றார். அவரே ஒரு பக்கம் பிடித்துக் கழற்றிக் கொடுத்தார்.

அழகன் வீட்டு வாசல்வரை கொண்டு போனார்கள். சோலைமலை ஏணி வைத்து ஏறி முதல் தகரத்தை விரித்தபோது வெயில் எட்டிப் பார்த்தது. அதற்கென்றே காத்திருந்தது போல. மேலேயிருந்து போன் வந்தது. மெனேஜர். தகரம் மின்னுகிறது. கண்ணாடி மாதிரி அடிக்கிறது. நாளைக்குப் படம் பிடிக்க ஆட்கள் வருகிறார்கள். மண்ணிறப் பெயின்ட் சொல்லி அனுப்பியிருக்கிறேன், திங்கள் வரும். பெயின்ட் அடித்துவிட்டுப் போடலாம். "அழகன், ரெண்டு நாள்தானே. இப்ப பாக்க எவ்வளவு கிளீனா இருக்கு தெரியுமா?"

"நீலப் பிளாஸ்டிக்கையாவது..."

"ஐயோ, நீலம் வேணாம் அழகன். ஹோட்டல் இருந்தாத்தானே நிஷாந்திக்கும் வேல, உங்களுக்கும் வேல."

மிரட்டிச் சொன்னதல்ல. நல்ல விதமாகத்தான் சொன்னார். அழகன் ஏணியைப் பிடித்தபடி, "எறங்குடா" என்றார். சோலைமலை இறங்கினான்.

அன்று அந்தி மீனம்மா அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டே பேசினாள். யாரையும் பார்த்துப் பேசவில்லை. மாவோடு பேசினாள்.

"எங்கப்பன் காலத்துல தொர வைவான். நாயேம்பான், பேயேம்பான். வஞ்சாலாவது மனசுக்குள்ள திரும்ப வையலாம். இவுங்க தோளத் தொட்டுல்ல பேசுறாங்க. எப்பிடி வையிறது?"

"நம்ம தங்கச்சி வீட்டுல விட்டா என்ன புள்ளையையும் கௌசியையும்?" என்றான் சோலைமலை.

"அங்க ஏழு பேரு. எங்க, அடுப்புக்கு மேலயா படுக்கப் போடுவாங்க?" ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "சாமி படத்தப் பக்கத்து வீட்டு ராக்காயிக்கிட்ட குடுத்துட்டேன். உள்ளயே படுக்கட்டும். தீட்டாவது ஒண்ணாவது. சம்பல் வச்சுக்க."

"மழ பேஞ்சா இஸ்தோப்புத் தண்ணி உள்ளதாம்மா வரும்" என்றாள் நிஷாந்தி.

"ஆமா. வரும்."

"நான் வேலைய விட்டுர்றேன். பெரிய மனுசனா நீங்கன்னு கேட்டுட்டு..."

"விட்டுட்டு? கொழுந்தெடுக்கப் போறியா? ஒங்கண்ணன மாதிரி கொழும்புக்குப் போயி கடையில படுக்கப் போறியா?" மீனம்மா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அடுப்பு வெளிச்சத்தில் கண் சிவந்திருந்தது. புகையாகவும் இருக்கலாம். "தின்னு. ஆறிப்போகுது."

அழகன் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். மேலே வெறும் மரச்சட்டங்கள். அவற்றினூடே பங்களாவின் விளக்குகள் தெரிந்தன. முன்பெல்லாம் இங்கே உட்கார்ந்தால் பங்களா தெரியாது. இப்போது நிமிர்ந்தால் அதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கௌசி வந்தாள். ஆட்டோ ரோடு வளையும் கோயில் முடக்கு வரைக்கும்தான் வரும். அங்கிருந்து மீனம்மா பிள்ளையைத் தூக்கிக்கொள்ள, கௌசி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தாள். நிஷாந்தி அதைக் கண்ணாடித் தடுப்பின் பின்னால் நின்று பார்த்தாள். கையில் கண்ணாடிக் குவளைத் தட்டு. பக்கத்தில் நீள மேசை. முன்பக்கம் தகரம் அடித்து, ஓரங்களுக்குப் பித்தளைப் பட்டி வைத்து, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்பா தார் வைத்த மூன்று பொட்டும் அப்படியே இருந்தன. வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி அந்தப் பொட்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் படம் எடுத்தாள். தாழ்ந்த இருக்கைகளில் ஆட்கள் கால் நீட்டிக் கிடந்தார்கள். நெருப்புக் குழியில் சவுக்கு விறகு எரிந்தது. நல்ல காய்ந்த விறகு. அந்த மாதிரி விறகு லயத்துக்குக் கிடைத்து எவ்வளவு காலம்!

கீழே கௌசி இஸ்தோப்பு வாசலில் நின்று மேலே பார்த்தாள். கூரை இருந்த இடத்தைப் பார்த்தாள். மீனம்மா ஏதோ சொல்லி உள்ளே தள்ளினாள்.

தேத்தண்ணீர் நேரத்துக்கு மழை வந்தது. இந்தப் பக்கத்து மழை வருவதைப் பார்க்க முடியாது. முதலில் எதிர் மலை காணாமல் போகும், பிறகு சவுக்கு மரங்கள், பிறகு நிற்கிற இடம். ஐந்து நிமிசத்தில் லயமும் இல்லை, தேயிலையும் இல்லை. வெள்ளையாக ஒரு சுவர். கெஸ்ட்மார் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினார்கள். மெத்தைகளில் நீர் பொட்டுப் பொட்டாக ஊறியது. மேடம் திரைச்சீலைகளை இழுத்துவிடச் சொல்லி, எல்லாரையும் கணப்படுப்புப் பக்கம் கூட்டிப் போனார். மெனேஜர் நடைவழியில் ஓடி வந்தார்.

"நிஷாந்தி, ஸ்டோர்ல அந்தப் பெரிய ஒரேஞ்ச் தறப்பாள் இருக்கு. உங்க அப்பாவக் கூப்பிட்டு உடனே இஸ்தோப்ப மூடச் சொல்லுங்க. மெத்த எல்லாம் பழுதாப் போகும். ஓடுங்க!"

அழகனும் சோலைமலையும் குசினிக்குப் பின்னால் கூரை நீட்டிய இறவாணத்தின் கீழ் நின்றிருந்தார்கள். விறகு கொடுக்க, பாரம் தூக்க என்று அன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அழகன் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க எதுவும் இல்லை. வெள்ளைதான்.

நிஷாந்தி ஸ்டோரைத் திறந்து தறப்பாளை இழுத்துப் போட்டாள். புதுசு. கனம். மடிப்புக் கலையாதது. நான்கு மூலையிலும் கயிறு.

"இஸ்தோப்ப மூடச் சொல்றாங்கப்பா."

அழகன் ஒரு முனையைத் தூக்கித் தோளில் போட்டார். சோலைமலை மறுமுனையைப் பிடித்தான். முன்பக்கம் போகத் திரும்பிய அழகன் நின்றார். மழை தகர இறவாணத்தில் அடித்த அடியில் அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் கேட்டார்.

"எந்த இஸ்தோப்ப?"

நிஷாந்திக்குச் சம்பளம் ஞாபகம் வந்தது. மெனேஜரின் நல்ல முகம், தோளைத் தொட்ட கை, அம்மா தட்டிய ரொட்டி. கீழே காம்பராவின் நிலைப்படியைத் தாண்டி இந்நேரம் தண்ணீர் பாயைத் தொட்டிருக்கும்.

"அன்னைக்குக் கேக்காமத்தானே கழட்டுனீங்க" என்றாள். "இன்னைக்கு மட்டும் ஏன் கேக்குறீங்க?"

அழகன் மகளைப் பார்த்தார். அந்த மூன்று நாளில் அப்போதுதான் நேராகப் பார்த்தார். சோலைமலை சிரிக்கவில்லை. "மச்சான், நமக்குத் தெரிஞ்சது ஒரு இஸ்தோப்புத்தான்" என்று மட்டும் சொன்னான். இரண்டு பேரும் குசினிப் பாதையில் இறங்கினார்கள். ஒரேஞ்ச் நிறம் பத்தடி தெரிந்தது, இருபதடி தெரிந்தது. பிறகு வெள்ளை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஈரமான மேல்சட்டையை மாற்றி, உள்ளே போனாள். கணப்படுப்பைச் சுற்றிச் சூப் போய்க்கொண்டிருந்தது. திரைச்சீலைகள் மூடிக் கிடந்தன. மெனேஜர் ஒரு மேசைக்குக் குனிந்து பேசிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார்.

"மூடியாச்சா?"

"மூடியாச்சு சேர்."

"நல்லாக் கட்டினாங்களா?"

"நல்லாக் கட்டுவாங்க சேர்."

அவர் பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். நிஷாந்தி சூப் கிண்ணங்களை எடுத்தாள். திரைக்கு அந்தப் பக்கம், வானத்தைக் கூரையாகக் கொண்ட இடத்தில், மழை மெத்தைகளின் மேல் விழும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. தகரத்தில் விழுவது போல் சத்தம் இல்லை. ஊறுகிற சத்தம்.

இந்தப் பருவத்தில் மூடுபனி சில நாள் மத்தியானம் வரைக்கும் நிற்கும். சில நாள் விடிந்ததும் விலகிவிடும். விலகினால் கண்ணாடித் தடுப்பிலிருந்து முதலில் தெரியப்போவது லயத்தில் அந்த ஒரேஞ்ச்தான். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்.

ஜன்னலோர மேசையில் ஒருவர் கையை உயர்த்தினார். அவள் போனாள்.